காதில் வைத்த கம்பி

ஜூன் 2, திங்கள்

இந்த டைரி ஜனவரியில் ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் இனாமாகக் கொடுத்தது. இதுவரை லில்லிபாய் இதன் மேல்தான் சாயாப் பாத்திரத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அட்டையில் வட்டமாக ஒரு கறை இருக்கிறது. நேற்று அதை என் கையில் கொடுத்து, தூக்கத்தில் எஞ்சினைப் பற்றிப் பேசி என் உயிரை வாங்காமல் இதில் எழுதித் தொலையுங்கள் என்றாள். கட்டிய மனைவி சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். எழுதுகிறேன்.

என் பெயர் தாசையன். மலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் அணையில் கூட்டுறவுச் சங்கத்துப் படகு ஓட்டுகிறேன். படகின் பெயர் சங்குப்பூ. நீல நிறம் அடித்திருந்ததால் அந்தப் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்துவிட்டதால் வருடா வருடம் நீலமே அடிக்கவேண்டியிருக்கிறது. இந்தக் கரையில் கடை, பள்ளிக்கூடம், பஸ். அந்தக் கரையில் ரப்பர், அன்னாசி, மரச்சீனிக் கிழங்கு, அவற்றை வைத்துப் பிழைக்கும் ஜனங்கள். காட்டைச் சுற்றி நடந்தால் அரை நாள் போய்விடும். சங்குப்பூ போனால்தான் அந்தக் கரைக்கு விடியும் என்று நான் சொல்வதுண்டு. சூரியனும் உங்க படகிலதான் வருதா என்று லில்லிபாய் கேட்பாள்.

இன்று காலை திரும்பி வரும்போது எஞ்சினில் ஒரு இடி கேட்டது. பெரிய சத்தம் கிடையாது. ஒழுங்காக அடித்துக்கொண்டே வந்து, ஒரு அடியை விழுங்கிவிட்டு, அப்புறம் ரெண்டைச் சேர்த்து அடிக்கிறது. வெறும் காதுக்குக் கேட்காது, கம்பியில்தான் கேட்கும். கம்பி என்றால் என்னுடைய பழைய நீள ஸ்குரூ டிரைவர். முனை தேய்ந்து மொட்டையாகிவிட்டது, இனி எந்தத் திருகாணியையும் அது திருகாது. மரப்பிடியைக் காதில் அழுத்தி, முனையை எஞ்சின் மேல் வைத்தால் உள்ளே எது என்ன பாடுபடுகிறது என்று கேட்கலாம். டாக்டருக்குக் கழுத்தில் தொங்குவது எனக்கு இடுப்பில் தொங்குகிறது.

எனக்கு இருக்கும் ஒரே பயத்தையும் முதல் நாளே எழுதிவைக்கிறேன். பிள்ளைகள் ஏறியிருக்கும்போது நடு அணையில் எஞ்சின் நின்றுவிடக்கூடாது. அணை கட்டுவதற்கு முன்னால் இருந்த மரங்களின் கட்டைகள் தண்ணீருக்குள் இன்னும் நிற்கின்றன. எஞ்சின் நின்ற படகைக் காற்று நேரே அவற்றின் மேல்தான் கொண்டுபோகும்.

ஜூன் 4, புதன்

எஞ்சினுக்குள் எண்ணெயைப் பீய்ச்சும் நாசில் இரண்டையும் கழற்றி, டீசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்து மாட்டினேன். பில்டர் மாற்றினேன். இடி அப்படியே இருக்கிறது.

வேலப்பனிடம் கம்பியைக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். வேலப்பன் என்னோடு படகில் கயிறு பிடிப்பவன், அந்தக் கரைக்காரன், நாற்பது வயதிருக்கும். படகு துறையில் முட்டப்போகிறது என்றாலும் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுவிட்டுத்தான் கயிற்றை எடுப்பான். கம்பியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். தூங்கிவிட்டானோ என்று தோளைத் தட்டினேன். தையல் மிஷின் மாதிரி ஓடுது அண்ணே என்றான்.

எல்லாருக்கும் காது இருக்கிறது. கேட்பதற்கு வேறு ஒன்று வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

மழை. மலையிலும் இடி, எஞ்சினிலும் இடி.

ஜூன் 8, ஞாயிறு

கோயிலில் ஞாயிறு ஆராதனைக்குப் போய்வந்து, மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு இடப்பக்கமாகச் சரிந்து படுத்தேன். வெளியே மூடுபனி ஜன்னல் வரை வந்து நின்றது. உள்ளே வரலாமா என்று கேட்பது போல இருந்தது. கண் மூடும் நேரத்தில் தலையணைக்குள் அந்த இடி கேட்டது. அதே கணக்கு. அடித்து, அடித்து, ஒன்றை விழுங்கி, ரெண்டைச் சேர்த்து.

சத்தம் தண்ணீர் வழியாக வெகுதூரம் போகும். தண்ணீரிலிருந்து பாறைக்கு ஏறும், பாறையிலிருந்து வீட்டுச் சுவருக்கு ஏறும். எழுந்து சட்டையை மாட்டினேன். கட்டிப்போட்ட படகு எப்படி இடிக்கும் என்று லில்லிபாய் கேட்டாள். நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் என்றைக்கு வேலை நடக்கும்?

துறையில் சங்குப்பூ அசையாமல் கிடந்தாள். தண்ணீர் இன்னும் ஏறவில்லை. கட்டைகளின் தலைகள் வெளியே தெரிந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. மூடுபனிக்குள் அவை வருவதும் மறைவதுமாக இருந்தன. யாரோ தண்ணீருக்குள் கழுத்துவரை நின்றுகொண்டு என்னைப் பார்ப்பது போலத் தோன்றியது. கம்பியை எஞ்சின் மேல் வைத்தேன். மெல்லமாகக் கேட்டது. ஓடாத எஞ்சினில் எப்படி என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம் அலை அடியில் இருக்கும் விசிறியை ஆட்டும், விசிறி ஷாஃப்டை ஆட்டும், ஷாஃப்ட் எஞ்சினை ஆட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அலையே இல்லை என்பது வேறு விஷயம்.

திரும்பி ஏறும்போது படிகளில் ஒரே பாசி. இந்த வருஷம் யாரோ படிகளை உயர்த்திக் கட்டிவிட்டது போல இருக்கிறது. அங்கங்கே நின்று தண்ணீரின் அழகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முன்பெல்லாம் எனக்கு இவ்வளவு ரசனை கிடையாது.

ஜூன் 11, புதன்

துறையில் பலகையைத் தொங்கவிட்டேன். "பழுது. இன்று படகு இல்லை." நானே எழுதிய பலகை, சிவப்பு பெயின்ட்.

ஹெட்டைக் கழற்றினேன். கேஸ்கெட் புதிது போல இருந்தது. வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் இடைவெளியை அளந்தேன், சரியாக இருந்தது. சரியாக இருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. கெட்டுப்போன சாமானைக் கையில் எடுத்தால் அதைத் திட்டலாம், தூக்கி எறியலாம். நல்ல சாமானை என்ன செய்வது? எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். ஸ்டார்ட் செய்து கம்பியை வைத்தேன். இடித்தது. கையிலிருந்த ஸ்பேனரை வீசினேன், தண்ணீரில் விழுந்துவிட்டது. அரை அங்குல ஸ்பேனர், நல்ல சாமான்.

மறுகரைக்குப் போகவேண்டியவர்கள் துறையில் நின்று என்னைத் திட்டினார்கள். அன்னாசிக் கூடையோடு நின்ற ஒரு பெண், எஞ்சின் சத்தம் எங்களுக்கு ஒண்ணும் கேக்கல, உமக்கு மட்டும் எப்படிக் கேக்கும் என்றாள். கேட்டுவிட்டதே, என்ன செய்ய என்றேன். இடி உள்ள எஞ்சினை நம்பி ஆளை ஏற்றமாட்டேன், என் சர்வீசில் இன்றுவரை ஏற்றியதில்லை என்றும் சொன்னேன். அவர்கள் காட்டுப்பாதையில் நடந்தார்கள். மழை வேறு. அந்தப் பெண்ணின் கூடையில் இலை போட்டு மூடிக் கொடுத்தான் வேலப்பன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது லில்லிபாய் என் காலைப் பார்த்துவிட்டு, கணுக்கால் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டாள். நாள் முழுக்க ஈரச் செருப்பு என்றேன். இப்போதெல்லாம் ஏன் இரண்டு தலையணை என்றாள். ஒரு தலையணையில் இடி அதிகமாகக் கேட்கிறது என்றேன். சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 12, வியாழன்

சங்கத்துக்காரர்கள் பொறுக்கமுடியாமல் டவுனிலிருந்து சுகுமாரனைக் கூட்டிவந்தார்கள். பெரிய வொர்க்‌ஷாப் வைத்திருப்பவன், எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழக்கம். வந்ததும் சாயா கேட்டான். குடித்துவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்த்தான், நிறுத்திப் பார்த்தான், ஷாஃப்டைக் கையால் சுழற்றிப் பார்த்தான். என் கம்பியை வாங்கி எல்லா இடத்திலும் வைத்துக் கேட்டான்.

"தாசையா, எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல ஓய். உம்மப் பாத்தாத்தான் ஒரு மாதிரி இருக்கு. பத்து நாள் லீவு போட்டுட்டு வீட்டுல கெடயும்."

மெக்கானிக் என்றால் எஞ்சினைப் பற்றிப் பேசவேண்டும். ஆளைப் பற்றிப் பேசுவதற்கு யார் இவனைக் கூப்பிட்டது? லீவு போட்டால் படகை யார் ஓட்டுவது என்று கேட்டேன். பக்கத்து அணையில் பெனட் என்று ஒருவர் சும்மா இருக்கிறாராம், சொன்னால் வருவாராம். வருவார். வந்து, எனக்குக் கேட்கும் இடி அவருக்குக் கேட்காமல், நடுவில் நிறுத்திவைப்பார்.

லீவு போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

மத்தியானம் இரண்டு டிரிப்புக்கு நடுவில் படகிலேயே கண் அயர்ந்தேன். ஒரு கனவு.

அணை வற்றிக் கிடக்கிறது. கட்டைகளெல்லாம் மறுபடி மரமாக நிற்கின்றன, அயனியும் தேக்குமாக. நான் அவற்றுக்கு நடுவே நடக்கிறேன். கால் தரையில் படவில்லை, ஆனாலும் களைப்பு இல்லை. படி இல்லை, பாசி இல்லை. தலைக்கு மேலே, மரங்களின் உச்சிக்கும் மேலே, சங்குப்பூவின் அடிவயிறு நீலமாகப் போகிறது. விசிறி மெல்லச் சுற்றுகிறது. அங்கிருந்து அந்தச் சத்தம் இறங்கி வருகிறது. ஒவ்வொரு அடிக்கும் இலைகள் அசைகின்றன. ஒரு அடி விழுங்கும்போது காடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. நானும் காத்திருக்கிறேன். பயமாக இல்லை. அடுத்த அடி வராவிட்டாலும் இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

வேலப்பன் உலுக்கி எழுப்பினான். அவன் முகம் வெளுத்திருந்தது. ரெண்டு தரம் கூப்பிட்டானாம். கனவில் இருந்தேன் என்றேன்.

ஜூன் 19, வியாழன்

இன்று ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

காலை டிரிப். ரப்பர் வெட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர். காற்று இல்லை, தண்ணீரில் மலைகள் தலைகீழாகக் கிடந்தன. நடு அணையில் எனக்கு இடி தாங்கமுடியாமல் போயிற்று. கம்பி இல்லாமலேயே கேட்க ஆரம்பித்துவிட்டது, தொண்டை வரைக்கும். எது நடக்கக்கூடாது என்று பயந்துகொண்டிருந்தேனோ அதை நானே செய்தேன். எஞ்சினை நிறுத்தினேன்.

அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. படகு தன் வேகத்தில் கொஞ்சம் போய், நின்றது. தூரத்தில் ஒரு மரங்கொத்தி மட்டும். நான் குனிந்து, கம்பியை நின்றுபோன எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்தினேன்.

கேட்டது. அடித்து, அடித்து, ஒன்றை விழுங்கி, ரெண்டைச் சேர்த்து.

நிமிர்ந்தபோது எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டார்ட் செய்தேன், ஒரே சுற்றில் எடுத்தது. அந்தக் கரை போகும்வரை யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

சூடான இரும்பு சத்தத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 22, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. கம்பியை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். ஒரு சோதனை.

துறையின் கருங்கல்லில் வைத்தேன். இடித்தது. அணைச்சுவரில் வைத்தேன். இடித்தது. கரையில் நிற்கும் அயனி மரத்தில் வைத்தேன். அதற்குள்ளும் ஒரு எஞ்சின் ஓடியது, அதே பழுதோடு. வீட்டுக்கு வந்து கதவில், அம்மியில், தண்ணீர்த் தொட்டியில். வாசலில் படுத்திருந்த நாயின் மேல் வைக்கப் போனேன், எழுந்து போய்விட்டது.

ஊர் முழுக்க இடிக்கிறது. இவ்வளவு பெரிய எஞ்சினை யார் பழுது பார்ப்பது? தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது, மேகம் கைக்கு எட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. எனக்குள்ளே ஒரு விஷயம் தெரிந்தும் தெரியாமலும் எட்டிப் பார்த்தது. அதை நான் கூப்பிடவில்லை.

லில்லிபாய் சமையல்கட்டு ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். அது எனக்கு இப்போதுதான் தெரியும்.

ஜூன் 25, புதன்

சாயங்கால டிரிப். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் படகு நிறைய. நடுவில் கொஞ்சம் கண் அசந்துவிட்டது. வேலப்பன் சுக்கானைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை என்று எழுதினால் போதாது போலிருக்கிறது. பேனா நகர மறுக்கிறது.

நின்றுகொண்டுதான் இருந்தேன். அடி ஒன்று விழுங்கப்பட்டது. அடுத்ததுக்காகக் காத்திருந்தேன். அப்புறம் நான் படகின் தளத்தில் கிடந்தேன், தலைக்கடியில் வேலப்பனின் துண்டு. மேலே வானம் மட்டும் தெரிந்தது, அதில் ஒரு பருந்து சுற்றிக்கொண்டே இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதை மட்டும் கவனித்தேன். படகு மாமா தூங்கிட்டாரு, சத்தம் போடாதீங்க என்று ஒரு பெண்பிள்ளை மற்றவர்களை அடக்கிக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் கட்டை ஒன்று உரசிப் போகும் சத்தம் கேட்டது. இப்போது அந்தக் கட்டைகள் தண்ணீருக்குள் போய்விட்டன, மேலிருந்து தெரியாது.

நீலப் பெயின்ட் ஒரு கை நீளத்துக்கு உரிந்திருக்கிறது.

வேலப்பன் என்னைக் கைத்தாங்கலாக வீட்டுவரை கூட்டிவந்தான். என் கம்பியை அவன் இடுப்பில் செருகியிருந்தான். லில்லிபாயைத் தனியே கூப்பிட்டு ஏதோ பேசினான். அவன் அவசரமாகப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஜூன் 26, வியாழன்

காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். லில்லிபாய் கதவில் சாய்ந்து நின்றாள். கையில் கம்பி.

கட்டிலில் படுங்க என்றாள். நேரமாகிறது என்றேன். படுங்க என்றாள் மறுபடி. அந்தக் குரல் எனக்குத் தெரியும், படுத்தேன். துண்டின் நுனியைக் கம்பியின் முனையில் சுற்றினாள். என் நெஞ்சில் இடப்பக்கம் வைத்தாள். பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். எத்தனை வருஷம் என் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள், ஒரு பிசகு இல்லாமல் அதே மாதிரி செய்தாள். நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மழைச்சத்தம் கூரையில் ஒரே சீராக இருந்தது.

அவள் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள். நின்றாள். மறுபடி எண்ணினாள்.

"நீங்க சொன்ன அதே கணக்குதான்," என்றாள். "ஒண்ண விழுங்கிட்டு ரெண்டச் சேத்து அடிக்குது. எஞ்சின் இஞ்ச கெடக்கு. நீங்க அங்க கெடந்து கழத்திட்டிருக்கிய."

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. கம்பியையும் எடுக்கவில்லை.

நான் அவள் கையிலிருந்து கம்பியை வாங்கி, முனையை அவள் மேல் வைத்துக் கேட்டேன். முதலில் என்னுடைய இடிதான் வந்தது. எங்கே வைத்தாலும் அதுதானே வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்தேன். அதற்குப் பின்னால் அவளுடையது கேட்டது, மெல்ல, விடாமல், ஒரு அடிகூடத் தப்பாமல். இவ்வளவு காலம் இது என் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சரி, இன்றைய டிரிப்பை முடித்துவிட்டு மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அப்போதும் அப்படித்தான் சொன்னேன். புத்தி அப்படி.

"இடி உள்ள படகில ஆள ஏத்துவியளா?" என்று கேட்டாள் லில்லிபாய்.

நேற்று பிள்ளைகளை அடக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்பிள்ளையின் குரல் ஞாபகம் வந்தது. நடுவில் எஞ்சின் நின்றுவிடும் என்று ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். நிற்கப்போனது நான். என் கையில் சுக்கான் இருந்தது, என் பின்னால் அவர்கள் இருந்தார்கள்.

வீங்கிய காலில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்த செருப்பை மாட்டிக்கொண்டேன். பெனட்டுக்குச் சொல்லியனுப்பச் சொன்னேன். ஜீப் பிடித்துப் போனோம். டைரியைக் கையோடு எடுத்துவந்தது அவள்தான்.

ஜூன் 28, சனி

பெரியாஸ்பத்திரி. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் இல்லை, ஸ்கூட்டர்கள் நிற்கின்றன.

நெஞ்சில் வயர்களை ஒட்டி ஒரு தாளில் கோடு எடுத்தார்கள். நர்ஸ் பிள்ளையிடம் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்த விழுங்கிய இடத்தை உடனே கண்டுபிடித்துவிட்டேன். மற்ற கோடுகள் என்னவென்று தெரியவில்லை, அது மட்டும் பழகிய முகமாக இருந்தது. இதுதான், இதேதான் என்று விரலை வைத்துக் காட்டினேன். அவள் லில்லிபாயைப் பார்த்தாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. துடிப்பு தாறுமாறாக ஓடுகிறதாம், ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, துடிப்பைக் கட்ட ஒரு மாத்திரை, நீர் இறங்க ஒரு மாத்திரை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னார். அதை எழுதப்போவதில்லை. கழற்றிப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கத் தேவையில்லை என்றார். படகுப் பக்கம், தான் சொல்லும்வரை போகவே கூடாதாம். இரண்டு மாதமாவது ஆகுமாம்.

இரண்டு மாதம். அதற்குள் தண்ணீர் நிறைந்துவிடும்.

ஜூலை 3, வியாழன்

வீட்டுக்கு வந்தோம். கதவில் என்னுடைய பலகை தொங்குகிறது. "பழுது. இன்று படகு இல்லை." துறையிலிருந்து எடுத்துவரச் சொல்லி வேலப்பனை அனுப்பியிருக்கிறாள் லில்லிபாய். விசாரிக்க வருகிறவர்கள் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, உள்ளே வராமல் வாசலிலிருந்தே நலம் கேட்டுப் போகிறார்கள். அன்னாசிக்காரப் பெண் மட்டும் உள்ளே வந்தாள். இரண்டு பழம் வைத்துவிட்டு, இனியாவது எங்கள நடக்க வைக்காதேயும் என்று சொல்லிப் போனாள்.

பெனட் ஓட்டுகிறார். ஜன்னலில் உட்கார்ந்தால் சங்குப்பூ போவது தெரிகிறது. வளைவில் கொஞ்சம் அகலமாகத் திருப்புகிறார். பரவாயில்லை என்று எழுதுகிறேன், எழுதுவது சுலபம்.

ஜூலை 9, புதன்

சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கை அரிக்கிறது. காலையில் மிக்ஸியைக் கழற்றினேன். லில்லிபாய் பார்த்த பார்வையில் அது தன்னாலேயே மாட்டிக்கொண்டது. இப்போது டூல் பெட்டி அவளுடைய துணி அலமாரியில், பூட்டுக்குள்.

தண்ணீர் ஏறிவிட்டது. கட்டைகள் ஒன்றும் தெரியவில்லை, நீர்க்காகங்களும் வேறு இடம் பார்த்துப் போய்விட்டன. மத்தியானங்களில் மூடுபனி வந்து அணையை எடுத்துக்கொண்டு போகிறது, மழை விட்டதும் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது. நான் அதையே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். சில நேரம் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று தெரிவதில்லை. தலையணை ஒன்றுதான். காதை வைத்துப் பார்க்கிறேன். அடிக்கிறது, எப்போதாவதுதான் விழுங்குகிறது.

பெனட்டை வரச் சொல்லி, கட்டைகள் இருக்கும் இடங்களைத் தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல மனுஷன். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் சுகுமாரனிடம் அவ்வளவு பேசியிருக்கமாட்டேன்.

ஜூலை 14, திங்கள்

காலை டிரிப் திரும்பி வந்துகொண்டிருந்தது. நான் கட்டிலில், கண் மூடியபடி. தண்ணீர் மேல் சத்தம் மிதந்து வந்தது. எஞ்சினோடு இன்னொன்றும் வந்தது. டிக், டிக், டிக், டிக்.

கையை நெஞ்சில் வைத்தேன். அங்கே அது இல்லை. அங்கே வேறு ஒன்று தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இது ஒன்றையும் விழுங்கவில்லை, சீராக, ஒவ்வொரு சுற்றுக்கும் அடித்தது. டேப்பெட். அதை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு நட்டு தளர்ந்திருக்கிறது. போன மாதம் எரிச்சலில் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேனே, இதைச் சரியாக இறுக்கியிருக்கமாட்டேன். ஒன்றுமில்லாத எஞ்சினுக்கு நானே ஒரு பழுதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கால் தானாகக் கட்டிலிலிருந்து இறங்கிவிட்டது. அரை மணி நேர வேலை. படியிறங்கி, மூடியைக் கழற்றி, ஒரு ஸ்பேனர், ஒரு திருகு.

அதற்குள் வேலப்பன் மேலே வந்துவிட்டான். மூச்சு வாங்காமல் ஏறி வந்து நின்றான்.

"அண்ணே, இப்ப எனக்கே கேக்குது," என்றான்.

லில்லிபாய் சமையல்கட்டிலிருந்து வந்து நடுவில் நின்றாள். கையில் மாவு. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். தரையில் ஊன்றிய என் காலைப் பார்த்தேன். கணுக்கால் வீக்கம் வற்றி, எலும்பு தெரிந்தது.

சுகுமாரனைக் கூப்பிடச் சொன்னேன். ரெண்டாவது சிலிண்டர், டேப்பெட் நட்டு என்று சொல், மற்றதெல்லாம் அவனுக்குத் தெரியும் என்றேன். அவன் வரும்வரை படகு போகவேண்டாம், ஆளை ஏற்றவேண்டாம். இதைச் சொல்லிவிட்டுக் காலை மேலே எடுத்து வைத்துக்கொண்டேன். என் எஞ்சினை இன்னொருவன் கையால் திறப்பதை நினைக்க வலித்தது.

அப்படியென்றால் பலகை வேண்டும் என்றான் வேலப்பன். லில்லிபாய் கதவிலிருந்து பலகையைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். அவன் போனதும் ஒரு சாக்கட்டித் துண்டை எடுத்து, கதவிலேயே பெரிதாக எழுதினாள். "இங்கும் பழுது."

படுத்தேன். சுகுமாரன் வந்ததும், திறந்ததும், என்னைத் திட்டிக்கொண்டே இறுக்கியதும் எனக்குத் தெரியாது. எல்லாம் லில்லிபாய் சொல்லித்தான் தெரியும். நான் தூங்கியிருக்கிறேன், கனவுகூட இல்லாமல். சாயங்காலம் விழித்தபோது மழை விட்டிருந்தது. ஜன்னலுக்கு நேரே சங்குப்பூ பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.